முதுகில் விழுந்த பஞ்சு

திண்டுக்கல்
9 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளை தங்கமுத்துவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. பேனாவை அழுத்திப் பிடிப்பதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறேழு வரிக்கு மேல் வரவில்லை. மே மாதம் பாதியில் தொடங்கிய கடிதம் இது. மேலே போட்டிருப்பது முடிக்கிற நாளின் தேதி.

யாரை வைத்து எழுதினான் என்று யோசிப்பாய். யாரையும் வைத்து இல்லை. நானேதான் எழுதினேன். நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவன். பஸ் வந்தால் நீ போர்டைப் படித்துக் கைகாட்டுவாய், நான் ஏறுவேன். அந்த பவுல்ராஜ் எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டுவிட்டான். எங்கள் தெருக் கடைசியில் உள்ள ஆரம்பப் பள்ளியில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. புவனேஸ்வரி டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். பெஞ்சு சின்னது. முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிடும்.

என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. யாருக்கு எழுதப்போகிறேன் என்று வீட்டில் ஆனந்தமேரி கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். "நாலு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத மனுசனுக்கா?" என்றாள். உனக்குத்தான். நீ ஏன் பேசுவதை நிறுத்தினாய் என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் தங்கச்சி என்று கூப்பிட்ட உன் வீட்டுக்காரி சுந்தரம்மாள் காரியத்துக்குப் பிறகு இரண்டு முறை உன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறையும் நீ என்னைப் பார்த்துவிட்டு ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாய். துக்கத்தில் இருக்கிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பிவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம்மோடு மில்லில் இருந்த பெலிக்ஸ் வந்திருந்தான். நீ ரோட்டில் போகும்போது பின்னால் மில் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்ததாம். நீ விலகவே இல்லையாம். உன் வேட்டியை உரசிக்கொண்டு பஸ் நின்றதாம். வாசலில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் நீ கதவு திறப்பதில்லையாம். உன் மகன் முகேஷ்குமார், இனித் தனியாக விடமாட்டேன் என்று தீபாவளி கழிந்ததும் உன்னைத் திருப்பூருக்குக் கூட்டிப் போகப்போகிறானாம். "தங்கமுத்துக்கு மண்டை கலங்கிப் போச்சுடா" என்றான் பெலிக்ஸ்.

மண்டை கலங்கவில்லை மாப்ள. அது காது. எனக்கும் அதேதான். அந்த மிஷின் சத்தம் நம் இரண்டு பேர் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

எனக்குக் காது போனதைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொன்னது டீச்சர்தான். அவர் என்னைப் பார்த்துப் பேசினால் பதில் சொல்வேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் சும்மா உட்கார்ந்திருப்பேன். மில்லில் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். அதை வைத்தே வெளியிலும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டீச்சர் எனக்கு நேரே வந்து குனிந்து, "ஐயா, ஒங்களுக்குப் படிப்பு ஏறாம இல்ல, காதுதான் கேக்கல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

பெரியாஸ்பத்திரிக்கு நான் முன்பே நாலு தடவை போனவன். நம்பர் கூப்பிட்டால் காதில் விழாது. எந்த அறைக்குப் போவது என்று தெரியாது. யாரையாவது கேட்கவும் வெட்கம். வெயில் உச்சிக்கு வரும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக ஆனந்தமேரியிடம் பொய் சொல்வேன்.

இந்தத் தடவை உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். சுவரெல்லாம் எழுத்து. சீட்டு பதியும் இடம். மருந்து கொடுக்கும் இடம். காது மூக்கு தொண்டை. ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஒரு தூணில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி வரிசை என்று எழுதியிருந்தது. அந்தத் தூணில்தான் நாலு தடவையும் நான் சாய்ந்து நின்றிருக்கிறேன். எனக்கான வழி என் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை, மாப்ள. சிறுமலையை முதன்முதலில் அண்ணாந்து பார்த்தபோது வந்த மலைப்புதான் வந்தது. யாரோ யோசித்து, பெயிண்ட் கலக்கி, ஏணி போட்டு ஏறி, முகம் தெரியாத ஒரு கிழவனுக்காக இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சீட்டு எழுதி எடுத்துப் போனேன். 'எனக்குக் காது கேட்காது. என் நம்பர் வந்தால் கை காட்டவும்.' அதை நர்ஸம்மாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு என் தோளைத் தட்டி முன் பெஞ்சில் உட்கார வைத்தார். நான் எழுதியதை இன்னொருவர் படித்து, அதன்படி ஒரு காரியம் நடந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி நடந்ததில்லை.

இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். ஒரு பைசா செலவில்லை. உனக்கும் வழி இருக்கிறது. நீ சரி என்று ஒரு வரி போடு.

ஆறாவது தாளில் கை வலிக்கிறது.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்தபடி இருக்கும்,
பவுல்ராஜ்


வேடசந்தூர்
17 ஜூன் 2025

திரு. பவுல்ராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுத்துக் கற்றுக்கொண்டது நல்ல காரியம்.

என் காதுக்கு ஒன்றுமில்லை. பெலிக்ஸுக்கு வாய் நீளம். பஸ்ஸின் டிரைவர் வேலைக்குப் புதுசு. கதவைத் திறப்பதும் திறக்காததும் என் இஷ்டம்.

ஏன் பேசவில்லை என்று தெரியாது என்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். சுந்தரம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டால் அந்த வீட்டில் எப்படிப் படுப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போகச் சொல்லத்தான் வேலி வரைக்கும் வந்தேன். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தீர்கள். பந்தலே பார்த்தது. என் பங்காளி மகன் ஒருவன் எதிரே வந்து சிரித்துக்கொண்டு சொன்னான்: "என்ன சித்தப்பா, ஒங்க கூட்டாளிக்குச் சோறு மட்டும் போதும் போல."

நான்கு வருஷமாக அந்த வார்த்தையோடுதான் படுத்து எழுகிறேன். இனி எழுத வேண்டாம்.

மு. தங்கமுத்து


திண்டுக்கல்
27 ஜூன் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எழுதுகிறேன், திட்டிக்கொள். இதுவும் கோணல்மாணல்தான்.

என் பெயருக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது. தபால்காரர் ஆனந்தமேரியிடம் நீட்டினார். நான் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். முதல் நாள் 'திரு' வரைக்கும் படித்தேன். எனக்குப் போய் திரு. இரண்டு நாள் ஆனது கடைசி வரிக்கு வர. முழுக்க முழுக்கத் திட்டுதான். ஆனாலும் யாரும் இடையில் நின்று எனக்குப் படித்துச் சொல்லாத திட்டு. உன் முகமே தாளில் தெரிந்தது. நடுவில், வேலியில் நின்று மூன்று முறை கூப்பிட்ட இடம் வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மாப்ள, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கே எனக்குக் காது இல்லை. அதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டது. வெளியில் சொல்லவில்லை. யார் எதைப் பேசினாலும் சிரித்துத் தலையாட்டுவேன். கூட்டத்தில் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவேன், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று. உன் வீட்டிலிருந்தும் அப்படித்தான் கிளம்பினேன். உன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போயிருந்தால் உன் முகத்தைப் பார்த்திருப்பேன். அது என் தப்பு. என் வெட்கம் உன்னை அந்த வீட்டில் தனியாகப் படுக்க வைத்துவிட்டது. மன்னித்துக்கொள் என்று எழுத டீச்சரிடம் கேட்காமல் நானே கற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பத்தோரு வருஷத்தில் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாயா? அந்த இரைச்சலில் யார் யாரைக் கூப்பிட முடியும்? டீ வேண்டுமென்றால் கட்டைவிரல். மேஸ்திரி வந்தால் வயிற்றைத் தடவிக் காட்டுவாய், அவர் தொப்பைக்காக. நான் எதிர்ப்பக்கம் திரும்பி நூல் ஒட்டிக்கொண்டிருந்தால், கழிவுப் பஞ்சை உருட்டி என் முதுகில் எறிவாய். திரும்புவேன். ஒருநாள்கூடத் திரும்பாமல் இருந்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாய். அந்த ஒரு தடவை எனக்குக் காது இல்லை.

இந்தக் கவரில் ஒரு பஞ்சு உருண்டை வைத்திருக்கிறேன். தலையணையைப் பிரித்து எடுத்தேன். ஆனந்தமேரி அதற்குத் தனியாகத் திட்டினாள். எனக்குக் கூப்பிட வேறு வழி தெரியவில்லை. திரும்பிப் பார்.

கருவி மாட்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துப் பரிசோதிக்கிறார்கள். அன்புக்கரசி என்று ஒரு பெண். காதில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்து, கண் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். எல்லாம் சரியாக வந்தது. அவள் சிரித்துவிட்டு, "தாத்தா, ஏமாத்தாதீங்க. சொவத்தப் பாருங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்ததும் ஒன்றுமே இல்லை. எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கருவி கைக்கு வந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரோ சரக் சரக் என்று தொடர்ந்து வந்தார்கள். நின்றேன், அவர்களும் நின்றார்கள். திரும்பினால் ஆள் இல்லை. என் செருப்பு, மாப்ள. என் செருப்புக்குச் சத்தம் இருப்பதை மறந்தே போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உலை கொதிப்பது கேட்கிறது. ஆனந்தமேரி முறத்தில் அரிசி புடைத்தால் மழை வந்துவிட்டது என்று கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். அவள் எட்டு வருஷமாகக் கத்திக் கத்திப் பேசிப் பழகிவிட்டாள். "மெதுவாப் பேசு மேரி" என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு எடுத்தார்கள். நான் இத்தனை வருஷமும் மற்றவர்கள் வாயைப் பார்த்துக் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்த பாட்டு. அது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. கூரை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது.

ஜூலை 26, சனிக்கிழமை, திண்டுக்கல்லில் முதியவர்களுக்கு முகாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். காது பரிசோதித்துக் கருவிக்குப் பதிந்துகொள்கிறார்கள். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ போதும். நோட்டீஸை நானே படித்து எழுதியிருக்கிறேன். மறுபடியும் இப்படி எப்போது நடக்கும் என்று தெரியாது. காது வந்துவிட்டால் உன்னைத் தனியாக விட முடியாது என்று எந்த மகன் சொல்லப்போகிறான்?

முதுகை உன் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
பவுல்ராஜ்


வேடசந்தூர்
5 ஜூலை 2025

மச்சானுக்கு,

கவரைப் பிரித்ததும் பஞ்சு மடியில் விழுந்தது. என்னவென்று விளங்க நேரம் ஆகவில்லை.

என் காதுக்கு ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். உனக்கு எட்டு வருஷம் என்றால் எனக்கு ஆறு. சுந்தரம்மாளுக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். பையனுக்கும் தெரியாது. ஆடு கத்துவது கேட்காமல் போனபோது ஆட்டுக்குத்தான் சீக்கு என்று நினைத்தேன். வாசலில் யாராவது கூப்பிட்டால் தெரிவதில்லை. நானாக வெளியே வந்து பார்த்தால் கோபித்துக்கொண்டு போகிற முதுகுதான் தெரியும். நான்கு வருஷமாக உன்னைத் திட்டினேன். அதே வேலையை ஊருக்கெல்லாம் நானும் செய்துகொண்டிருந்தேன்.

திருப்பூரில் பையன் வீடு மூன்றாவது மாடி. நல்ல பிள்ளை, மருமகளும் நல்லவள். ஆனால் அங்கே நான் செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இந்த ஆடுகளோடு இந்த வீட்டில் இருக்க வேண்டும். இதை உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பையன் எடுத்த வீடியோ ஒன்று என் போனில் கிடக்கிறது. சுந்தரம்மாள் முற்றத்தில் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டே பேசுகிறாள். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் என் நேரே நின்று பேசுகிறவள், அதில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். வாயசைவு தெரியவில்லை. யாரிடமாவது கேட்டால் என் காது விஷயம் வெளியே வந்துவிடும் என்று கேட்கவில்லை. தினம் பார்க்கிறேன்.

முகாமுக்கு எப்படி வருவது? கண்டக்டர் கேட்பது விளங்காது. அங்கே நம்பர் கூப்பிட்டால் கேட்காது. நான்கு பேர் முன்னால் செவிட்டுக் கிழவன் என்று நிற்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்தான், ஆனாலும் எனக்குக் காது கேட்காது என்று எழுத என் கை வரமாட்டேன் என்கிறது.

தங்கமுத்து


திண்டுக்கல்
12 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கை வராவிட்டால் என் கை வரும். உள்ளே மூன்று சீட்டு வைத்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் படிக்க முடிகிறது என்று டீச்சர் சொல்லிவிட்டார். முதல் சீட்டு கண்டக்டருக்கு: 'திண்டுக்கல் ஒன்று.' இரண்டாவது முகாமில் கொடுக்க: 'எனக்குக் காது கேட்காது. நம்பர் வந்தால் கை காட்டவும்.' மூன்றாவது வழியில் தடுமாறினால் யாரிடமாவது காட்ட. அதில் என் பெயரும் தெருவும் இருக்கிறது.

வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் சீட்டை நீட்டிய அன்று என் பின்னால் இருந்த ஒரு பெரியவர் என்னைச் சுரண்டி, தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அவருக்கு எழுதும்போது இன்னொரு அம்மா வந்து நின்றார். மூன்று சீட்டு எழுதினேன். நாம்தான் தனியாக ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தோம், மாப்ள. அந்தப் பெஞ்சு முழுக்க நம் ஆட்கள்தான்.

இன்னொரு சேதி. உன் ஊர் துணைச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால், மாதம் ஒரு தடவை ஒரு அம்மா வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார். எங்கள் தெருவில் வருகிறார். நான் இதுவரை அவரைச் சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். அவர் பையில் எழுதியிருப்பதைப் போன வாரம்தான் படித்தேன். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். நீயும் பெயர் கொடு. மகனிடம் சொல்ல உனக்கு ஒரு பேச்சு ஆச்சு.

பள்ளிக்கூட வாசலில், பெயர்ப்பலகைக்குக் கீழே காலை ஒன்பது மணிக்கு நிற்பேன். நீல நிறச் சட்டை.

இந்த வேகத்தில் போனால் சீக்கிரம் எழுத்தாளனாகிவிடுவேன் என்று பயப்படும்,
பவுல்ராஜ்


திண்டுக்கல்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாம் நேரில் பார்த்துக்கொண்ட பிறகு எதற்குக் கடிதம் என்று நினைக்காதே. அன்று நீ என் முதுகைத்தான் முதலில் பார்த்தாய். முகத்தைப் பார்க்கவில்லை. அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல ஆள் நான்தான்.

எட்டரைக்கே வந்துவிட்டேன். ஒன்பது, பத்து. நீ இல்லை. வந்த பஸ்ஸில் எல்லாம் பார்த்தேன். உள்ளே கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கோல் ஊன்றி வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் தள்ளி வரப்படுகிறவர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரும் புருஷன் பெண்டாட்டி. நம் மாவட்டத்தில் இவ்வளவு பேர் இத்தனை காலமும் எந்த வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தேன். நத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டதும் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

பதினொன்றரைக்கு, பன்னிரண்டு மணியோடு பதிவு முடியும் என்று மைக்கில் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது ஒரு தடவை நினைத்தேன். நீ வரமாட்டாய், சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பாய், நான்கு வருஷம் நாற்பது நாளில் ஆறாது என்று மனது சொல்லிவிட்டது. உள்ளே போய் அன்புக்கரசியிடம் கடைசியாக ஒரு நிமிஷம் கேட்டுப் பார்க்கலாம் என்று திரும்பி நடந்தேன்.

அப்போது முதுகில் ஏதோ பட்டது.

பஞ்சு படுவது காதுக்குக் கேட்காது. எந்தக் கருவிக்கும் கேட்காது. அது தோளுக்குக் கீழே, நீ எப்போதும் எறிகிற அதே இடத்தில் பட்டது. முகம் எப்படி இருந்தது என்றால், நல்லவேளை நீ பின்னால் நின்றாய். துடைத்துக்கொண்டுதான் திரும்பினேன். நீ கட்டைவிரலைக் காட்டி டீ குடித்தாயா என்று கேட்டாய். பஸ் பஞ்சராகி வழியில் நின்றுவிட்டதாகச் சொன்னது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உன் பரிசோதனையில் நீயும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினாயாமே. "இந்த மில்காரங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று அவள் என்னிடம் சொன்னாள்.

பஞ்சு உருண்டையைக் குனிந்து எடுத்துவிட்டேன். என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பவுல்ராஜ்


வேடசந்தூர்
17 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

கருவி சனிக்கிழமை யூனியன் ஆபீஸில் கொடுத்தார்கள். உன் செருப்புக் கதை எனக்கும் நடந்தது, ஆனால் என்னைத் தொடர்ந்து வந்தது வெள்ளாடு. அது நடக்கும்போதே முணுமுணுத்துக்கொண்டு வருவது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அன்றைக்கே வீடியோவைப் போடவில்லை. இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் அவள் மிளகாய் காயவைத்த அதே இடத்தில் உட்கார்ந்து போட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "படம் புடிச்சது போதும்டா. ஒன்னு சொல்றேன் கேளு. ஒங்கப்பாவுக்குக் காது சுத்தமாக் கேக்கல. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத, மனசு விட்டுப் போயிரும். எது சொன்னாலும் எதுக்க வந்து நின்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவரு அந்தா ஒக்காந்திருக்காரு, வாயப் பாத்துருவாரு, அதான் இங்கிட்டுத் திரும்பிப் பேசுறேன்."

அவ்வளவுதான். பிறகு காக்கையை விரட்டுகிறாள்.

மச்சான், நான் அவளிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குத் தெரியாமல் எனக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். சோறு போடும்போதுகூட அடுப்படியிலிருந்து கேட்கமாட்டாள், எழுந்து வந்து முன்னால் நின்று கேட்பாள். அது அவள் குணம் என்று நினைத்திருந்தேன். பையனையும் யோசித்துப் பார்த்தேன். ஆறு வருஷமாக அவன் ஒரு வார்த்தையும் என் முதுகுக்குப் பின்னால் பேசியதில்லை. எனக்கு எதிரே வந்து நிற்காமல் ஒன்றும் சொன்னதில்லை.

நேற்று அவன் திருப்பூரிலிருந்து வந்தான். கேட்டுக்குள் நுழையும்போதே வாய்தவறி "அப்பா" என்றான், சத்தமாகக்கூட இல்லை. நான் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினேன். பையை அப்படியே கீழே போட்டுவிட்டான். சுகாதார நிலையத்து அம்மா வந்து போகிற அட்டையைக் காட்டினேன். சாயந்தரம் வரை திருப்பூர்ப் பேச்சை எடுப்பான் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. கிளம்பும்போது, "தீபாவளிக்கு நாங்க இங்க வாரோம்பா" என்றான்.

கையெழுத்து இந்தத் தடவை உன்னுடையதைப் போல ஆகிவிட்டது.

தங்கமுத்து


திண்டுக்கல்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை ஆனந்தமேரிக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாசித்து அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. தங்கச்சி பேசிய இடம் வந்ததும் என்னை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை தடுமாறாமல் வாசித்தேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. உன் வீட்டில் சாப்பிடும்போது தங்கச்சி எனக்கு முன்னாலும் அப்படித்தான் வந்து நின்று கேட்பாள், "அண்ணே, வெஞ்சனம் வைக்கவா?" என்று. உன்னுடையதைக் கண்டுபிடித்தவள் என்னுடையதையும் கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டு செவிடர்களை உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, இரண்டு பேர் மானத்தையும் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். சுவரில் எழுதி வைத்தவர்களை நினைத்து மலைத்தேன் என்று எழுதினேனே, அதைவிட இது பெரிது. இதை எந்தச் சுவரிலும் யாரும் எழுதவில்லை.

இனிப் போனிலேயே பேசிக்கொள்ளலாமே, இரண்டு பேருக்கும்தான் காது வந்துவிட்டதே என்கிறாள் ஆனந்தமேரி. பேசுவோம். ஆனால் போனில் பேசியதை மறுநாள் எடுத்துத் தடவிப் பார்க்க முடியாது. உன் கடிதங்கள் மூன்றும் என் பைபிளுக்குள் இருக்கின்றன. அந்தத் 'திரு' கடிதமும்தான்.

இன்றைக்கு ஆறு வரிக்கு மேல் ஓடிவிட்டது, கையும் வலிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். பஞ்சு உருண்டை அந்தக் கவரில் வரும். இந்த ஒரு வாரம் மட்டும் அது என் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பவுல்ராஜ்